க்ளெர்மோன்ல இருந்து கந்தால் மலைக்கு: கார் இல்லாம, ஃப்ரெஞ்சு தெரியாம, வெஜ் ஆளா எப்படிப் போறது

நீங்க கேட்டதைச் சுருக்கிச் சொன்னா இதுதான்: ஆபீஸ் வேலையா மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும் க்ளெர்மோன்-ஃபெராண்ட்ல இருக்கீங்க, சனி ஞாயிறுல மலையில நடக்கணும், அப்படியே ஃப்ரெஞ்சு கிராமம் எப்படி ஓடுதுன்னும் கிட்ட இருந்து பாக்கணும், கார் கிடையாது, போன்ஜூர் மெர்சிக்கு மேல பாஷை வராது, கறி மீன் தொடமாட்டீங்க. எல்லாரும் ஆல்ப்ஸ்ல ஷாமோனி போங்க, மோன் ப்ளான் மலை பாருங்கன்னு சொல்லிட்டாங்க. போங்க, தப்பில்ல, ஆனா நீங்க கேட்ட ரெண்டாவது விஷயம் அங்க கிடைக்காது, ஷாமோனி ஒரு டவுன், ஹோட்டலும் கேபிள் காரும் கியர் கடையும்தான். உங்களுக்கு நான் சொல்றது கந்தால். க்ளெர்மோனுக்குத் தெக்கால, ரயில்லயே போயிடலாம், வெளிநாட்டு ஆளுங்க அவ்வளவா வராத இடம்.

ஊர்ல இருந்து கண்ணுக்குத் தெரியுற புய் த தோம் (1465 மீட்டர்) முதல் ஞாயித்துக்கிழமையே ஏறிடுங்க, அதைப் பத்தி எழுத ஒண்ணும் இல்ல, பாதை தெளிவா இருக்கு, முடியலன்னா இறங்குறதுக்கு பல்சக்கர ரயிலும் இருக்கு. காலுக்கு ஒரு டெஸ்ட் மாதிரி வச்சுக்கோங்க.

கந்தால்ங்கிறது மொத்தமா ஒரே ஒரு பழைய எரிமலை, அணைஞ்சு பல லட்சம் வருஷம் ஆச்சு, பரப்பளவுல ஐரோப்பாவுலயே பெரிய எரிமலைன்னு சொல்றாங்க. அப்புறம் பனிப்பாறை வந்து அதைச் சுத்திலும் அரிச்சுட்டுப் போனதுல நடுவுல இருந்து எல்லா திசையிலயும் பள்ளத்தாக்கா பிரிஞ்சு கிடக்கு. மிச்சம் நிக்கிற உச்சிதான் ப்ளோம் த்யு கந்தால் (1855), புய் மாரி (1783), புய் க்ரியூ (1690) இதெல்லாம். நம்பரைப் பாத்து இவ்வளவுதானான்னு நினைக்காதீங்க, ஊட்டியை விட உயரம் கம்மிதான், ஆனா இது வேற அட்சரேகை, மே மாசத்துலயும் வடக்குப் பக்கம் பனி கிடக்கும், உச்சியில காத்து ஆளைத் தள்ளும்.

ரயில் க்ளெர்மோன் - ஒரியாக் லைன். நடுவுல லியோரான்னு ஒரு ஸ்டேஷன், 1152 மீட்டர்ல இருக்கு, இறங்கினா மலை அங்கயே ஆரம்பிக்குது, அதுக்கப்புறம் பஸ்ஸும் வேண்டாம் டாக்ஸியும் வேண்டாம். ஒரே சங்கடம், ஒரு நாளைக்கு எத்தனை வண்டின்னு கையில எண்ணிடலாம், சில சீசன்ல லைன்ல வேலை நடக்குதுன்னு ரயிலுக்குப் பதில் பஸ் விடுவாங்க, அதனால சாயங்காலம் திரும்புற கடைசி வண்டி எத்தனை மணிக்குன்னு முதல்ல பாத்து வச்சுட்டு அதுக்கேத்த மாதிரி காலையில கிளம்புங்க, அதை விட்டா அன்னைக்கு ராத்திரி அங்கதான்.

முதல் தடவை ப்ளோம் த்யு கந்தால் ஏறுங்க. லியோரான்ல இருந்து நடந்தே போகலாம், கேபிள் காரும் இருக்கு, கேபிள் கார்ல ஏறிட்டு மேல முகட்டோட நடந்துட்டு இறங்கி வர்றதும் நல்லா இருக்கும். ரெண்டாவது தடவை புய் க்ரியூ. பாக்க ஊசி மாதிரி இருக்கும், கடைசி கொஞ்ச தூரம் கல்லு சரிஞ்சு கிடக்கிற இடம், கையை வச்சு ஏறணும், ஈரமா இருந்தா விட்டுடுங்க. கால் பழகின பிறகு செய்ய வேண்டியது முகட்டு நடை: லியோரான்ல இருந்து ஏறி, பத்தாயூஸ், கோல் த காப்ர், பேய்ர் ஆர்ஸ் (1806) வழியா முகட்டு மேலயே போய், ப்ரேஷ் த ரோலான்ங்கிற வெட்டுல இறங்கி ஏறி புய் மாரி. அந்த வெட்டு கொஞ்சம் கையும் காலும் சேத்து ஏற வேண்டிய இடம், பனி இருக்கிற மே மாசத்துல போகாதீங்க. ஒரே நாள்ல போயிட்டுத் திரும்பி லியோரான் வர்றது கஷ்டம், அந்தப் பக்கம் மாந்தாய் கிராமத்துக்கு இறங்கி ராத்திரி தங்கிடுங்க. புய் மாரி உச்சிக்கு இன்னொரு பக்கத்துல இருந்து கான்க்ரீட் படிக்கட்டே போட்டிருக்காங்க, பா த பேரோல்ங்கிற கணவாய் வரைக்கும் கார் வருது, அதனால நீங்க வேர்த்து விறுவிறுத்து மேல போய்ச் சேரும்போது அங்க ஒரு குடும்பம் செருப்புப் போட்டுட்டு ஐஸ்க்ரீம் சாப்பிட்டுட்டு நிக்கும், கோவப்படாதீங்க.

வழி தப்புறது கஷ்டம். மரத்துல, பாறையில, வேலிக் கம்புல வெள்ளைக் கோடும் அதுக்குக் கீழ சிவப்புக் கோடும் அடிச்சிருந்தா அது ஜி.ஆர், நெடுந்தூரப் பாதை. அந்தக் கோடு எக்ஸ் மாதிரி இருந்தா இந்தப் பக்கம் இல்லன்னு அர்த்தம். மஞ்சள் ஒத்தைக் கோடு உள்ளூர்ச் சுத்து. இந்தச் சிவப்பு வெள்ளை ஏற்பாடு 1947-ல லுவார் ஆத்தங்கரையில ஆரம்பிச்சது, இன்னைக்கு நாடு முழுக்க வித விதமான குறி போட்ட பாதை எல்லாம் சேத்தா 1,80,000 கிலோமீட்டர்னு சொல்றாங்க, அதுல பெயின்ட் டப்பாவைத் தூக்கிட்டுப் போய் வருஷா வருஷம் திரும்ப அடிக்கிறது பெரும்பாலும் ரிட்டயர் ஆன வாலண்டியர்ஸ். கந்தாலைச் சுத்தி வர்றது ஜி.ஆர். 400. போன்ல மேப் டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க, பள்ளத்தாக்குக்குள்ள சிக்னல் கிடைக்காது, பேப்பர்ல வேணும்னா ஐ.ஜி.என்.ங்கிற அரசு மேப் நிறுவனம் போடுற 25,000-க்கு ஒண்ணு அளவு நீல அட்டை மேப்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். நம்ம ஊர்ல மலைன்னா காடு, ஃபாரஸ்ட் டிபார்ட்மென்ட், கோயில். இங்க அப்படி இல்ல. மேல போனா மரமே இல்லாம பச்சைப் பசேல்னு மொட்டையா இருக்கே, அது இயற்கையா அப்படி ஆனது இல்ல, நூத்துக்கணக்கான வருஷமா காட்டை வெட்டி மாடு மேச்சு மேச்சு வச்சிருக்காங்க, ரெண்டு தலைமுறை மேய்ச்சலை நிறுத்தினா புதர் ஏறி அப்புறம் காடாயிடும். அதாவது நீங்க நடக்கிறது இன்னொருத்தர் வேலை செய்யுற இடம், நிறைய இடத்துல தனியார் நிலம், சொந்தக்காரர் ஒத்துக்கிட்டதால பாதை அந்த வழியா போகுது. இது மண்டையில ஏறிட்டா மீதி எல்லாம் தானா புரியும்: கேட்டை ஏன் மூடணும், புல்லுக்குள்ள ஏன் இறங்கக் கூடாது, கடை ஏன் பன்னெண்டு மணிக்கு மூடுறான், எல்லாமே.

மே கடைசியில மாடெல்லாம் மேல ஏறும், இலையுதிர் காலத்துல இறங்கும். அலாஞ்ச்ங்கிற ஊர்ல மே மாசக் கடைசியில மாடு ஏத்துற திருவிழாவே நடக்கும், மாட்டுக்குப் பூ, கொடி எல்லாம் கட்டி ஊருக்குள்ள நடத்திட்டுப் போவாங்க, நீங்க வர்ற மாசத்துலயே இருக்கு, பாருங்க. மாடு சாலேர் இனம், நல்ல செம்பழுப்பு, சுருட்டை மயிர், கொம்பு யாழ் மாதிரி வளைஞ்சு மேல போகும். இதுல ஒரு சங்கதி, மத்த ஐரோப்பிய மாடு மாதிரி மெஷினை மாட்டினா இது பால் விடாது, கன்னு பக்கத்துல இருந்தாதான் சுரக்கும். அதனால இன்னைக்கும் இந்த மாட்டைக் கறக்கிற சில பண்ணையில கறவை நேரம் எப்படின்னா: கன்னுங்க எல்லாம் தனியா ஒரு பட்டியில கத்திட்டு நிக்கும், கறக்கிறவர் ஒரு பேரைக் கூப்பிடுவார், அந்தக் கன்னு மட்டும் வெளிய ஓடி வந்து நேரா அதோட அம்மாகிட்டப் போய் நாலு காம்பையும் முட்டும், சுரப்பு விட்டதும் கன்னை இழுத்து அம்மாவோட முன்னங்காலோட கட்டிடுவாங்க, முதுகுல கொஞ்சம் உப்பைத் தேச்சு விட்டா அம்மா அதை நக்கிட்டே அசையாம நிக்கும், அந்த நேரத்துல கறந்துட்டு, கடைசிப் பால் கன்னுக்கு. நம்ம தாத்தா பாட்டி வீட்டுல கறந்ததுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. இவ்வளவு வேலை இருக்கிறதாலயே பெரும்பாலானவங்க சாலேரை இப்போ கறிக்குத்தான் வளக்கிறாங்க, கறக்கிறவங்க கம்மி. கறவை பாக்க விடுற பண்ணைங்க இருக்கு, டூரிஸ்ட் ஆபீஸ்ல கேளுங்க.

அந்தப் பாலை ஜெர்ல்னு சொல்ற பெரிய மரத்தொட்டியில ஊத்தி அதுலயே உறைய வச்சு சாலேர் சீஸ் பண்றாங்க. ஏப்ரல் 15-ல இருந்து நவம்பர் 15 வரைக்கும்தான், மாடு பச்சைப் புல் தின்னுற காலத்துல மட்டும்தான் இதைச் செய்யலாம்னு சட்டம். தயிரை அழுத்தி, வெட்டி, திரும்ப அழுத்தி, புளிக்க விட்டு, அரைச்சு உப்புப் போட்டு மறுபடி அச்சுல அழுத்தினா முப்பது கிலோவுக்கு மேல ஒரு உருளை வரும். அந்தக் காலத்துல இது எல்லாம் மேல மலையில பூரோன்ங்கிற கல்லு வீட்டுல நடந்தது, பாதி வீடு சரிவுக்குள்ள புதைஞ்ச மாதிரி இருக்கும், கூரையும் கல்லுப் பலகை. ஆம்பளைங்க மட்டும் மூணு நாலு பேர் கோடை முழுக்க அங்கயே கிடப்பாங்க, பெரியவர் சீஸ் போடுவார், சின்னப் பையன் ஒருத்தன் பன்னி பாத்துப்பான், ஏன்னா மிஞ்சுற மோர்த்தண்ணி பன்னிக்கு. போற வழியெல்லாம் இடிஞ்சு கிடக்கிற பூரோன் பாப்பீங்க, சிலது இப்போ சாப்பாட்டுக் கடை.

மாட்டு நடுவுல பாதை போகும், அது சகஜம். கன்னு கூட இருக்கிற பசு பக்கத்துல போகாதீங்க, கன்னுக்கும் தாய்க்கும் நடுவுல புகவே புகாதீங்க, சுத்திப் போங்க. கம்பி வேலி கரண்ட் வேலிதான், பிளாஸ்டிக் பிடி இருக்கிற இடத்துல கழட்டிட்டுப் போய்த் திரும்ப மாட்டுங்க. கேட் திறந்து இருந்தா திறந்தே விடுங்க, மூடி இருந்தா மூடுங்க. ஜூன்ல முழங்கால் உயரத்துக்குப் பூவும் புல்லுமா ஒரு வயல் இருக்கும், ஃபோட்டோ எடுக்க உள்ள போகத் தோணும், போகாதீங்க, அது குளிர்காலத்துக்கு மாட்டுத் தீனி, மிதிச்சுட்டா மெஷின் அறுக்காது. ஆள் உயரத்துல மஞ்சள் பூவோட நிக்கிறது ஜென்ஷியான், அதோட வேரைத் தோண்டித்தான் கசப்பு சாராயம் பண்றாங்க, அதே மாதிரி இலை உள்ள இன்னொரு செடி விஷம், எதையும் பிடுங்கி வாயில வைக்க வேண்டாம்.

பின்னாடி ஆல்ப்ஸ் பக்கமோ, ஸ்பெயின் எல்லையில இருக்கிற பிரெனே மலைப் பக்கமோ போனா ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க. 1992-ல இத்தாலியில இருந்து ஓநாய் திரும்பி வந்துடுச்சு, பிரெனேயில 1996-ல இருந்து ஸ்லோவேனியாக் கரடியைக் கொண்டு வந்து விட்டாங்க, அதனால ஆட்டு மந்தையோட பத்தூங்கிற பெரிய வெள்ளை நாய் இருக்கும். அது ஆட்டுக்குள்ளயே பொறந்து வளந்தது, ஓடி வந்து குலைக்கும். ஓடாதீங்க, குச்சியைத் தூக்காதீங்க, கண்ணுக்கு நேரா முறைக்காதீங்க, நின்னு, மெதுவாப் பேசி, அது மோந்து பாத்துட்டுப் போற வரைக்கும் பொறுத்து, மந்தையை நல்லா தள்ளிச் சுத்திப் போங்க. கரடி வேணுமா வேண்டாமான்னு அங்க இருக்கிற மேய்ப்பர்கிட்ட மட்டும் கேட்டுடாதீங்க, சாயங்காலம் போயிடும்.

கிராமத்துக்கு வருவோம். ஃப்ரான்ஸ்ல சுமார் 35,000 ஊராட்சி இருக்கு, அதுல பாதிக்கு மேல 500 பேர் கூட இல்லாத ஊர். அப்படி ஒரு ஊர்ல பகல் ரெண்டு மணிக்குப் போய் நின்னா ஜன்னல் கதவெல்லாம் சாத்தி, ஒரு ஆள் இல்லாம, எல்லாரும் ஊரைக் காலி பண்ணிட்டாங்களோன்னு தோணும். இல்ல, சாப்பிட்டுட்டு இருக்காங்க, இல்லன்னா வயல்ல இருக்காங்க. பன்னெண்டுல இருந்து ரெண்டு வரைக்கும், சில இடத்துல மூணு வரைக்கும் கடை மூடல். திங்கள் பல கடை முழுசா மூடல். ஞாயிறு காலையில பேக்கரி திறந்திருக்கும், மதியத்துக்கு மேல ஒண்ணும் கிடையாது. சாப்பாட்டுக் கடையில மதியம் ஒண்ணரைக்கு மேல போனா அடுப்பை அணைச்சாச்சுன்னு சொல்லிடுவாங்க, அது திமிர் இல்ல, சமைக்கிறதும் பரிமாறுறதும் ஒரே ஆளா இருக்கும். ஊராட்சி ஆபீஸ் வாரத்துக்கு ரெண்டு அரை நாள். பேக்கரியே இல்லாத ஊருக்கு ரொட்டி வண்டி வரும், ஹாரன் அடிச்சதும் எங்கிருந்துதான் வர்றாங்களோ, பாட்டிங்க பையைத் தூக்கிட்டு வெளிய வந்துடுவாங்க. உங்களுக்கு ஊர் ஜனங்களைப் பாக்கணும்னா அதுதான் நேரம், அதை விட்டா வாரச் சந்தை.

பாஷை தெரியலன்னு பயப்படாதீங்க, ஆனா போன்ஜூர் சொல்லாம வாயைத் திறக்காதீங்க. கடைக்குள்ள நுழைஞ்சா போன்ஜூர், பாதையில எதிர்ல ஆள் வந்தா போன்ஜூர், தோட்டத்துல குனிஞ்சு வேலை செய்யுறவர் நிமிர்ந்தா போன்ஜூர். சொல்லாம நேரா எக்ஸ்க்யூஸ் மின்னு ஆரம்பிச்சா அந்த முகம் மூடிடும், அப்புறம் நீங்க என்ன கேட்டாலும் தெரியாதுன்னுதான் பதில். சொல்லிட்டீங்கன்னா கை ஜாடையிலயே அரை மணி நேரம் பேசுவாங்க, தக்காளி கொடுத்தும் அனுப்புவாங்க.

தண்ணி தீந்துட்டா கல்லறைத் தோட்டத்துக்குப் போங்க. சிரிக்காதீங்க, பூவுக்கு ஊத்துறதுக்காக ஏறக்குறைய எல்லா ஊர் கல்லறையிலயும் ஒரு குழாய் இருக்கும், பெரும்பாலும் ஊர்க் குடிதண்ணியே, குடிக்கக் கூடாதுன்னா "ஓ நோ பொத்தாப்ல்"னு போர்டு வச்சிருப்பாங்க. மேல மாட்டுத் தொட்டியில விழுற ஊத்துத் தண்ணியை ஃபில்டர் இல்லாம குடிக்காதீங்க. இன்னொண்ணு, மாசத்துல முதல் புதன்கிழமை மத்தியானம் பன்னெண்டுக்கு சைரன் ஊளையிடும், நாடு முழுக்க டெஸ்ட், போர் வந்துடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க.

காலையில சேவல், மணிக்கொரு தரம் சர்ச் மணி, ராத்திரி மாட்டுக் கழுத்து மணி, கூடவே சாணி வாசனை, இதெல்லாம் பிடிக்காம பட்டணத்துல இருந்து வந்து வீடு வாங்கினவங்க கேஸ் போட்டாங்க, தெரியுமா. ஓலெரோன் தீவுல மோரீஸ்னு ஒரு சேவல் மேல 2019-ல வழக்கு, லீவுக்கு வர்ற பக்கத்து வீட்டுக்காரங்க போட்டது, ரோஷ்ஃபோர் கோர்ட் சேவல் பக்கமே தீர்ப்பு சொல்லிடுச்சு. அப்புறம் 2021 ஜனவரி 29-ல கிராமத்துச் சத்தமும் வாசனையும் கிராமத்தோட சொத்துன்னு தனிச் சட்டமே வந்துச்சு. அதனால காட்டேஜ் ஜன்னல் பக்கத்துல மாடு கத்துதுன்னு ரிவ்யூ எழுதாதீங்க.

ஊர்ல பாதி வீடு பூட்டிக் கிடக்கும். 1830-கள்ல கந்தால் மாவட்டத்து ஜனத்தொகை 2.6 லட்சத்துக்கு மேல, இப்போ 1.5 லட்சம் கூட இல்ல. இளசுங்க பாரிஸுக்குப் போச்சு, முதல்ல தண்ணி சுமந்தாங்க, அப்புறம் விறகும் கரியும் வித்தாங்க, கரிக்கடையிலயே ஒரு மூலையில ஒயின் ஊத்திக் கொடுத்து அது காஃபேயா வளந்து, பாரிஸ் காஃபே தொழில்ல ரொம்ப காலம் பெரும்பகுதி இந்தப் பக்கத்து ஓவெர்ன், அவேரோன் ஆளுங்க கையில இருந்துச்சு. அதே பாரிஸ்ல இப்போ காஃபே, ரெஸ்டாரன்ட் கிச்சனுக்குள்ள போனா ஈழத்துல இருந்து வந்த நம்ம ஆளுங்க நிறைய பேர். மலைக்காரன் கல்லாவுல, யாழ்ப்பாணத்துக்காரன் அடுப்புல, நல்ல காம்பினேஷன்.

சாப்பாடு. இந்த ஊர்ல ட்ருஃபாட்னு ஒண்ணு, வெட்டின உருளைக்கிழங்கை வதக்கி அது மேல உப்புப் போடாத புது சீஸைப் போட்டுக் கிளறுவாங்க, கரண்டியைத் தூக்கினா நூல் நூலா வரும், ரெண்டு ஆள் சாப்பாடு ஒரு தட்டுல. பாக்க வெஜ் மாதிரி இருக்கும், ஆனா பல இடத்துல பன்னிக் கொழுப்புல வதக்குவாங்க, பக்கத்துல ஹாம் வரும், கேட்டுட்டுச் சாப்பிடுங்க. இன்னும் ஒண்ணு சொல்லணும், சாலேர், கந்தால் சீஸ் எல்லாம் கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிற உறையை வச்சுத்தான் உறைய வைக்கிறாங்க, அது உங்களுக்குப் பரவாயில்லையான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. சேன்-ஃப்ளூர் பக்கத்து மஞ்சள் பருப்பு நல்லா இருக்கும், ரசப்பொடி கையில வச்சிருந்தா இன்னும் நல்லா இருக்கும்.

தங்குறதுக்கு ஜீத் தெத்தாப், அதாவது நடக்கிறவங்களுக்கான விடுதி. ஹால்ல அடுக்குக் கட்டில், ராத்திரி சாப்பாடும் காலை டிஃபனும் சேத்து சுமார் 50-60 யூரோ. ஏழு மணிக்கு எல்லாரும் ஒரே மேஜையில, சூப்புல ஆரம்பிச்சு சீஸ், இனிப்பு வரைக்கும், மெனு கார்டெல்லாம் கிடையாது. அதனால வெஜ்ங்கிறதை புக் பண்ணும்போதே சொல்லணும், "சான் வியான்ட், சான் ப்வாசோன்" (sans viande, sans poisson, கறி மீன் இல்லாம)னு மெயில்ல எழுதுங்க, போய் நின்னுட்டு சொன்னா ஆம்லெட்தான், முட்டையும் இல்லன்னா ரொட்டியும் சாலடும்தான். பூட்ஸை வாசல்லயே கழட்டணும், கம்பளி கொடுப்பாங்க, ஆனா தலையணை உறை மாதிரி உள்ள நுழைஞ்சுக்கிற மெல்லிசான துணிப்பை நம்மளே கொண்டு போகணும், அது இல்லாம விட மாட்டாங்க. வர்றேன்னு சொல்லிட்டு வரலன்னா கண்டிப்பா போன் பண்ணிச் சொல்லுங்க, இல்லன்னா மலையில மாட்டிக்கிட்டீங்கன்னு நினைச்சு ஆள் அனுப்பிடுவாங்க.

கோடையில இடி மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல கிளம்பும், முகட்டுல ஒதுங்க ஒரு மரம் கூட கிடையாது, அதனால மேகம் திரண்டா உச்சி அரை மணி தூரம்தான்னாலும் இறங்கிடுங்க. மூடுபனி பத்தே நிமிஷத்துல சூழ்ந்துடும். ஆபத்துன்னா 112, மலையில மீட்பு ஹெலிகாப்டருக்கு இங்க காசு கேக்க மாட்டாங்க, ஆனா கூப்பிடணும்னா சிக்னல் இருக்கிற இடத்துல விழுந்திருக்கணும். நடந்து வந்ததும் முழங்கால் பின்னாடி, இடுப்பு, அக்குள் எல்லாம் உண்ணி இருக்கான்னு பாருங்க, பார்மசியில சின்ன பிளாஸ்டிக் கொக்கி விக்கும், அதைப் போட்டுத் திருகி எடுங்க, எண்ணெய் ஊத்தாதீங்க, அடுத்த சில வாரத்துல கடிச்ச இடத்தைச் சுத்தி சிவப்பா வளையம் பரவினா டாக்டர்கிட்ட போயிடுங்க.

செப்டம்பர்ல இருந்து வேட்டை சீசன், பிப்ரவரி கடைசி வரைக்கும். காட்டுப்பன்னிக்கு ஆளும் நாயுமா வளைச்சு நிப்பாங்க, பாதையில "ஷாஸ் ஆன் கூர்" (வேட்டை நடக்குது)னு போர்டு பாத்தா அந்த வழியை விட்டு வேற வழி போங்க, பளிச்சுனு ஆரஞ்சோ மஞ்சளோ ஏதாவது போட்டுக்கோங்க, கறுப்பு ஜாக்கெட் வேண்டாம். ஆனா அதுக்காக செப்டம்பரை விட்டுடாதீங்க, செப்டம்பர் நடுவுல இருந்து அக்டோபர் நடு வரைக்கும் கலைமான் கத்துற காலம், பொழுது சாயும்போது காட்டோரத்துல போய் நின்னா கேக்கும், உள்ளூர் ஆளுங்களே குடும்பத்தோட மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்க் எல்லாம் எடுத்துட்டு வந்து உக்காருவாங்க. அதுக்குப் போறதா இருந்தா கடைசி ரயிலைப் பிடிக்க முடியாது, அதே ரயில் லைன்ல இருக்கிற முரா ஊர்லயோ, இல்லன்னா மாந்தாய்லயோ ரூம் போட்டுட்டுப் போங்க, அக்டோபர்ல பாதி விடுதி மூடிடும், முன்னாடியே மெயில் போட்டுடுங்க.